லீவு நாள் பெரட்டு

இன்று பள்ளிக்கு லீவு. கடலில் எங்கோ தாழ்வு மண்டலமாம். மழையைக் காணோம், லீவு மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த மாதம் எனக்குப் பணி ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். காலையில் கட்டிலுக்கு அடியில் கிடந்த அட்டைப் பெட்டியை இழுத்தேன். பழைய துணிகளுக்குக் கீழே, ஒரு பாலிதீன் பைக்குள், நீல நிறக் கேன்வாஸ் ஷூ இருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் வாடை வந்தது. மக்கிய இலையும் உப்பும் கலந்த சிப்பிகாட் சேற்று வாடை. அன்றைக்குக் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் எடுத்து வைத்தேன். சேறு போயிருந்தது, வாடை போகவில்லை.

நீ பஜாரில் வாங்கிக் கொடுத்த ஷூ. என் காலுக்கு ஒரு அளவு பெரிது. நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் பாதம் வளராது அக்கா என்று நான் சொன்னேன். நுனியில் துணி வைத்துக்கொள் என்றாய். நீ மட்டும் கடைசி வரைக்கும் வெறுங்காலோடுதான் சேற்றில் நடந்தாய்.

நேரில் உன்னை வாங்க, போங்க என்றுதான் பேசினேன். இப்போது நீ என்று எழுதுகிறேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. வயது வித்தியாசம் இரண்டு வருஷம்தான். ஆனால் நான் நிரந்தர வேலையில் இருப்பவள், லேப் அட்டெண்டன்ட். நீ ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு வாங்கும் ஆயா. பள்ளிக்குள் என்னை மேடம் என்பாய். கேட்டைத் தாண்டினால் தங்கச்சி. அந்தக் கேட்டை ஒரு நாளும் நீ மறந்ததில்லை.

நீ நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவிலிருந்து வந்தவள் என்று எல்லோருக்கும் தெரியும். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு போர்ட் பிளேர் வந்தாய். வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் யார் இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் யாரும் கேட்கவில்லை. அந்த வருஷங்களில் நிக்கோபார் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம் அதைக் கேட்கக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. மரியாதை என்று சொல்லிக்கொண்டோம். பதிலைக் கேட்கப் பயம், அவ்வளவுதான்.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் லீவுதான். யாரோ டெல்லியிலிருந்து வருகிறார் என்று பள்ளியை மூடியிருந்தார்கள். காலை ஐந்தரைக்கு என் ஜன்னல் கம்பியில் ஸ்பூனால் தட்டினாய். நம் ஊரில் ஐந்தரைக்கு நல்ல வெளிச்சம் என்பது உண்மைதான். அதற்காக ஒருத்தியை லீவு நாளில் எழுப்பலாமா? தலையை அள்ளி முடிந்துகொண்டு சண்டை போடுகிற எண்ணத்தோடு கதவைத் திறந்தேன். உனக்குப் பின்னால் நாம் இருந்த கராச்சர்மா லைன் வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெங்காலிப் பையன், இரண்டு தெலுங்குப் பெண்கள், மற்றவை நம் தமிழ்ப் பிள்ளைகள்.

"எல்லாம் தூங்கிக்கிட்டுக் கெடக்குதுங்க தங்கச்சி. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போவோம் வா."

எங்கே என்றேன். உனக்கும் தெரியவில்லை. முதலில் வந்த பஸ் சிப்பிகாட் பஸ். அதனால் சிப்பிகாட் போனோம். இதற்குத்தான் பிற்பாடு ஹெட்மாஸ்டர் போர்டில் 'விடுமுறை நாள் இயற்கை முகாம்' என்று எழுதிப் போட்டார். பிள்ளைகளுக்கு அது சுட்டி கேம்ப். இங்கே லீவுக்கு சுட்டி என்றுதானே பேர்.

சிப்பிகாட்டில் முன்பு நெல் விளைந்தது. நிலநடுக்கத்தில் தரை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வயலுக்குள் வந்து போகிறது. நீர் வற்றும்போது வரப்பெல்லாம் தெரியும். மொட்டைத் தென்னைகள் தலையில்லாமல் நிற்கும். வயல் நடுவில் அலையாத்திக் கன்றுகள் தாமாக முளைத்திருந்தன. பிள்ளைகளுக்கு அது நல்ல இடம். ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள நண்டு, சேற்றில் துள்ளி நடக்கும் மீன், வேர்மேல் உட்கார்ந்து முறைக்கும் மீன்கொத்தி. நான் லேபிலிருந்து இரண்டு பூதக்கண்ணாடி கொண்டு வருவேன். நண்டின் கண் எங்கே இருக்கிறது என்று கேட்பேன். நீ நண்டைப் பார்க்கவே மாட்டாய். பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது மட்டும் உன் சட்டம். "எடுத்தத எடுத்த எடத்துல வையி" என்பாய். தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட அதை அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

நீர் ஏறத் தொடங்கினால் முதலில் தெரிவது உனக்குத்தான். விரற்கடை அளவு வந்தால் போதும், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் ஏறிவிடுவாய். உப்புத்தண்ணீர் கால் விரலில் பட நீ விட்டதில்லை. காய்ந்த சேற்றுக்கு வெறுங்கால், தண்ணீருக்கு எந்தக் காலும் இல்லை. நான் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். தெரியாமல் செய்த கேலி என்று சொல்ல முடியாது. பாதி தெரிந்துதான் செய்தேன்.

திரும்பும் நேரம் வந்ததும் பஸ் படிக்கட்டுப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்துவாய். "பெரட்டுக்கு நில்லுங்க" என்பாய். தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவதற்கு அப்படிச் சொல்வார்களாம். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவாய். கடைசித் தலை முடிந்த பிறகு உன் கை ஒரு தடவை உன் இடுப்புக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் தாழும். இன்னொரு எண் சொல்வாய்.

பதினெட்டுப் பேரைக் கூட்டிப்போன அன்று பத்தொன்பது என்றாய். நான் இறங்கி வந்து எண்ணினேன், பதினெட்டு. அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறை நான் எண்ணவில்லை. உன் பெரட்டில் ஒன்றைக் கழித்துக்கொண்டேன். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நீ கூட்டுவாய், நான் கழிப்பேன். இதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசியது ஒரே ஒரு தடவை. அதையும் நீதான் பேசினாய். திடீரென்று மழை பிடித்துக்கொண்டு, சாலையோர ஷெட்டில் ஒதுங்கியிருந்தோம். பிள்ளைகளுக்கு நீ கொண்டு வந்த தேங்காய் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஏன் அக்கா இவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறீர்கள், தாய்மார்கள் என்னிடம் வந்து புலம்புகிறார்கள், ஏழு மணிக்குப் போனால் ஆகாதா என்று கேட்டேன். கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து முடித்துவிட்டுச் சொன்னாய்.

"அன்னிக்கு ஞாயித்துக்கெழமை தங்கச்சி. லீவுதானேன்னு மகள எழுப்பல. பள்ளிக்கூட நாளா இருந்தா அஞ்சு மணிக்கே எழுப்பி, மேல ரப்பர் பால் வெட்டுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். தேத்தண்ணியக் கொதிக்க வெச்சு மூடி வெச்சுட்டு, நான் மட்டும் வெறகுக்கு மேல போனேன்."

அவ்வளவுதான் சொன்னாய். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எத்தனை வயது என்பது உன் கை தாழும் உயரத்திலிருந்து எனக்கு முன்பே தெரியும். மழை விட்டதும் பஸ் வந்தது. இருபது பிள்ளைகள். நீ இருபத்தி ஒன்று என்றாய். சரி என்றேன்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். உனக்குத் தெரியாதது அதில் ஒன்றே ஒன்று இருக்கிறது.

அன்று நாம் கூட்டிப்போனது இருபத்திரண்டு பேர். பஸ்காரர் நிற்க மாட்டார் என்று நான் முன்னால் ஓடி, ஏறி, டிரைவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கீழே நீ பெரட்டு எடுத்தாய். பஸ்ஸுக்குள் இருந்ததால் உன் கையை நான் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது. "இருபத்தி ரெண்டு" என்றாய். பிள்ளைகள் ஏறினார்கள், நீ ஏறினாய், பஸ் கிளம்பியது.

உனக்குத் தெரியாதது இதுதான். அந்த எண்ணைக் கேட்டதும் நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கு நீ சரியாக எண்ணிவிட்டாய் என்று நினைத்தேன். மனசு தேறி வருகிறது, இந்தச் சேறும் பிள்ளைகளும் உன்னைத் தேற்றிவிட்டன, அதில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷமாகக் கழித்து வந்தவள், கழிக்க வேண்டிய ஒரு நாளில் கழிக்கவில்லை.

கராச்சர்மா ஸ்டாப்பில் இறங்கியதும் ஒரு சிறுமி சொன்னாள், தன்னோடு ஜோடி சேர்த்துவிட்ட பிள்ளை ஏறவே இல்லை என்று. லாவண்யா. முதல் நாள் வந்த இரண்டு தெலுங்குப் பெண்களில் இளையவள், ஒன்பது வயது. ஏன் பஸ்ஸிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஆன்ட்டி எண்ணிவிட்டார்களே என்றாள்.

மற்ற பிள்ளைகளை டீக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு லோடு ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போனோம். போய்ச் சேர்ந்தபோது வரப்பு மறைந்துவிட்டது. பிள்ளை ஒரு தென்னை மொட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு வரைக்கும் தண்ணீர். அங்கே முதலை வருகிறது என்று பலகை வைத்தது பிற்பாடுதான், ஆனால் முதலை பலகைக்காகக் காத்திருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கரையில் நின்று கத்தினேன். கத்தினது மட்டும்தான் நான் செய்தது.

நீ இறங்கினாய். சேலையைத் தூக்கவில்லை. சாலையில் நடப்பவள் மாதிரி நேரே நடந்தாய். நடுப் பள்ளத்தில் உன் மார்பு வரைக்கும் தண்ணீர் வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே நடையில் திரும்பி வந்தாய். கரையில் அவளை நிற்க வைத்து, தலையைத் தொட்டு, "இருபத்தி மூணு" என்றாய்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படிக்கட்டுப் பக்கத்தில் நீ இருபத்தியொரு தலையைத் தொட்டாய். பிறகு உன் கை தாழ்ந்தது. இருபத்திரண்டாவது உன் மகள்.

மாலையில் பள்ளி வராந்தாவில் விசாரணை. லாவண்யாவின் அப்பா, அம்மா, இன்னும் நாலைந்து பெற்றோர், ஹெட்மாஸ்டர். லாவண்யாவின் அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணியது யார் என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"அவங்கதான் சார் எண்ணினாங்க" என்றேன். "இருபத்தி ரெண்டுன்னாங்க. நம்பி ஏறிட்டேன்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நான். உன் பக்கம் திரும்பி அவர் கேட்டார். நீ ஈரச் சேலையோடு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய்.

"நாந்தாங்க எண்ணினேன். சரியாத்தான் எண்ணினேன்."

சரியாக எண்ணியிருந்தால் பிள்ளை எப்படி நின்றுபோனாள் என்று கேட்டார்கள். நீ அதையே திரும்பச் சொன்னாய். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், பாவம், சுனாமியில் தலை கலங்கினவள், இவளிடம் யார் பிள்ளைகளைக் கொடுத்தது என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அவர் எப்போதும் ஒன்று கூட்டித்தான் எண்ணுவார் சார், இரண்டு வருஷமாக அது எனக்குத் தெரியும், தெரிந்தே நான் எண்ணாமல் விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும். வேலை போயிருக்காது. ஒரு காகிதத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சொல்ல மாட்டேன் என்பது உனக்கு முன்பே தெரிந்த மாதிரி இருந்தது.

போர்டிலிருந்து முகாம் அறிவிப்பை அழித்தார்கள். உனக்கு நீட்டிப்பு வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எண்ணத் தெரியாத ஆயா என்று கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு அதுவும் நின்றது. ஆனாலும் நீ உடனே ஊரை விட்டுப் போகவில்லை. ஒரு வருஷம் போலக் கராச்சர்மாவிலேயே வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டால், சாப்பிட்டியா தங்கச்சி என்பாய். ஆச்சு அக்கா என்பேன். அதற்கு மேல் நிற்காமல் நடந்துவிடுவேன். லீவு நாட்களில் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். ஜன்னலில் சத்தம் வராது. படுத்தபடி நீ இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாய் என்று நினைப்பேன். எழுந்து வந்து பார்த்ததில்லை. பிறகு கச்சாலில் உனக்குப் புது வீடு ஒதுக்கியாகிவிட்டது என்று கப்பலேறினாய். ஜெட்டிக்கு வர வேண்டும் என்று புடவை மாற்றினேன். மாற்றிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ இறந்துபோன சேதியைச் சொன்னவர் ஆஸ்பத்திரிக்கு வந்த உன் தோட்டத்துக்காரர் ஒருவர். நாலு நாள் காய்ச்சலாம், கப்பல் வருவதற்கு முன்னால் முடிந்துவிட்டதாம். எப்போது என்றேன். மூன்று மாதம் ஆச்சு என்றார். அந்த மூன்று மாதமும் நான் அரிசி களைந்தேன், லேபில் பாட்டில்களைத் துடைத்தேன், பண்டிகைக்கு முறுக்கு சுட்டேன். அன்றும் வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. உள்ளே தொட்டால் மரக்கட்டையைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. உன்னைப் பற்றி மட்டுமல்ல, எதைத் தொட்டாலும் இப்படித்தான்.

இன்று ஷூவைப் பார்த்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. லாவண்யா வீட்டுக்குப் போனேன். அவர்கள் இப்போது சிப்பிகாட்டுக்கு அந்தப்புறம் சொந்த வீடு கட்டிப் போய்விட்டார்கள். லாவண்யா விசாகப்பட்டினத்தில் படிக்கிறாளாம். அம்மா மட்டும் இருந்தார். டீ போட எழுந்தவரை உட்கார வைத்துச் சொன்னேன். இந்தியில் சொன்னதால் சுலபமாக இருந்தது. தமிழில் சொல்லியிருக்க மாட்டேன். நீ ஏன் ஒன்று கூட்டி எண்ணினாய், எனக்கு எத்தனை நாளாகத் தெரியும், வராந்தாவில் நான் எதைச் சொல்லாமல் விட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் வலிக்கும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் திட்டவில்லை. எண்ணிக்கைக் கதை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த அம்மாவைத் தெரியும் என்றார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் ஒவ்வொரு லீவு நாளும் காலை ஐந்தரைக்கு நீ அவர்கள் ஜன்னலில் ஸ்பூனால் தட்டினாயாம். லாவண்யா எழுந்து ஜன்னலுக்கு வந்ததும், கம்பி வழியாக அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விடுவாயாம். உள்ளே வரமாட்டாயாம், ஒன்றும் கேட்கமாட்டாயாம். கப்பலேறிய வாரம் வரைக்கும் வந்தாயாம். முதல் தடவை கணவர் துரத்தப் போனாராம். இவர்தான் தடுத்தாராம்.

"அவங்க வந்துட்டுப் போனாத்தான் எனக்கும் அன்னிக்குப் பொழுது நிம்மதியா விடியும்" என்று அவர் இந்தியில் சொன்னார். பிறகு கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் சிநேகிதிங்கதானே? உங்ககிட்ட சொல்லலியா?"

என் வீட்டிலிருந்து அவர்கள் அப்போது இருந்த வீடு நாலாவது வீடு. ஒவ்வொரு லீவு நாளும் நீ என் ஜன்னலைத் தாண்டித்தான் போயிருப்பாய், தாண்டித்தான் திரும்பியிருப்பாய். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

டீயைக் குடித்துவிட்டுப் புறப்பட்டேன். பஸ் சீக்கிரமே வந்தது, கூட்டமில்லை. ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்தப்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். சிப்பிகாட் திருப்பத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. அலையாத்தி இப்போது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது, மொட்டைத் தென்னை ஒன்றுகூடத் தெரியவில்லை. கண்டக்டர் வந்து எத்தனை என்று கேட்டார். கராச்சர்மா ரெண்டு என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு ஆள்தானே என்றார்.

சரியாகத்தான் எண்ணினேன் என்றேன்.